துணிக்கடைப் பெண்களுக்கு ஸ்டூல் வந்துவிட்டது, உட்கார முடிகிறதா?

ஆடிக்காத்து | ஞாயிறு, இரவு 9.10

இன்று அம்மாவுக்குப் புடவை எடுக்க தி.நகர் போயிருந்தேன். பெரிய கடை, மூன்றாவது மாடி, காட்டன் செக்‌ஷன். மழை கொட்டியதால் கூட்டமே இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஏழு பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒன்றின் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. இன்னொன்றை ஒரு பெண் துடைத்து எனக்கு எடுத்துப் போட்டார். “உட்காருங்கக்கா, நிதானமா பாருங்க.”

உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தேன். நாற்பது புடவையாவது பிரித்திருப்பார், அத்தனையும் நின்றபடியே. பில் போட்டு, ஆட்டோ பிடித்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது: நான் உட்கார்ந்திருந்தது அவருடைய ஸ்டூல்.

2021-ல் இதற்கென்று சட்டமே கொண்டு வந்தார்களே, ‘உட்காரும் உரிமை’ என்று செய்தித்தாளில் எல்லாம் வந்ததே, அது என்ன ஆயிற்று? கடையில் வேலை பார்த்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். (வரும் என்று தெரியும்.)

சட்டப்புள்ளி | ஞாயிறு, இரவு 9.48

சட்டம் அமலில்தான் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டு வந்து புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். பெண்களுக்கு மட்டும் என்று இல்லை, ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நாம் அதற்கு அடுத்து. தொழிற்சாலைகளுக்கு இது 1948 சட்டத்திலேயே 44-ஆம் பிரிவாக இருந்தது. நின்று வேலை செய்பவருக்கு உட்கார இடம் வேண்டும் என்று எந்திரத்தின் முன்னால் நிற்பவர் விஷயத்தில் அன்றே தோன்றியது, கவுண்டரின் பின்னால் நிற்பவர் விஷயத்தில் தோன்ற எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள்.

நம் பிரிவில் எனக்கு உறுத்துவது அந்த ‘வாய்ப்பு’ என்ற சொல். வாய்ப்பு வந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? நிற்பவரா, ஃப்ளோர் சூப்பர்வைசரா? அதைச் சட்டம் சொல்லவில்லை.

கணக்கன் | ஞாயிறு, இரவு 10.15

எல்லாரும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உருகுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பெண்ணின் சம்பளம் என்ன, பி.எஃப். பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா, எத்தனை மணி நேர வேலை? அதையெல்லாம் விட்டுவிட்டு நாற்காலி. அரசுக்கும் இது வசதி, செலவே இல்லாத சீர்திருத்தம். முதலாளிக்கும் வசதி, முந்நூறு ரூபாய் ஸ்டூல் வாங்கிப் போட்டால் சட்டத்தை மதித்தவர் ஆகிவிடலாம். முதலில் எட்டு மணி நேரத்தை அமல்படுத்தச் சொல்லுங்கள். அப்புறம் உட்காருவதைப் பற்றிப் பேசலாம்.

நெல்லைக்காரி | ஞாயிறு, இரவு 11.32

கணக்கன் சார், நீங்கள் சொல்வது எல்லாமே சரிதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள் ‘அப்புறம்’ என்று சொல்ல மாட்டார்கள்.

நான் 2007 முதல் 2011 வரை சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருந்தேன். பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எங்கள் ஊரிலிருந்து பதினொரு பேரை ஒரே வேனில் கூட்டிப் போனார்கள். சாப்பாடு, தங்குமிடம் கடையுடையது. கையில் மாதம் 3000.

காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு பத்து, பத்தரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் பதினொன்று. உட்காரக்கூடாது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தராத விதி, ஏனென்றால் உட்கார எதுவுமே கிடையாது. சொல்லித் தந்த விதி வேறு: சாயக்கூடாது. ரேக்கில் முதுகு பட்டால் 20 ரூபாய் கட்டிங். கவுண்டரில் முழங்கை ஊன்றினால் அதற்கும். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். சாப்பாடு மொட்டை மாடியில், அரை மணி நேரம் என்று பேர். ஐந்து மாடி ஏறி, வரிசையில் நின்று, சாப்பிட்டு, இறங்கி வர அந்த அரை மணி சரியாக இருக்கும். அங்கே பெஞ்சில் உட்காரும் பத்து நிமிடம்தான் அன்றைக்கு உட்காருவது. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் ஆண். கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்க மாட்டோம். எங்கள் ரூமில் நீர்க்கடுப்பு வராத பெண் கிடையாது.

ஆனால் நாங்களும் சும்மா இல்லை. ரேக்கில் கடைசித் தட்டு தரையோடு ஒட்டி இருக்கும். அதை அடுக்க வேண்டுமென்றால் கீழே உட்கார்ந்துதான் ஆக வேண்டும், நின்றபடி முடியாது. அதனால் கீழ்த்தட்டை அடுக்குவதற்கு எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். இப்போது நீ, பத்து நிமிடம் கழித்து நான். அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவோம். எங்கள் செக்‌ஷனில் கீழ்த்தட்டு மட்டும் எப்போது பார்த்தாலும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒருநாள் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, “இந்த லைன் மட்டும் எப்படிம்மா இவ்ளோ நீட்டா இருக்கு, மத்த பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுங்க” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இரவு ஹாஸ்டலில் எல்லோரும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்போம். வெள்ளையடித்த சுவரில் குதிகால் உயரத்துக்கு வரிசையாக அழுக்கு வட்டம் இருக்கும். எனக்கு இப்போது முப்பத்தாறு வயது. இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்துப் பச்சையாகத் தெரிகிறது, கோடையில் கூட சாக்ஸ் போட்டுத்தான் பள்ளிக்கு மகளைக் கொண்டுவிடப் போகிறேன்.

ஆடிக்காத்து | திங்கள், காலை 7.05

நெல்லைக்காரி, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அந்த மேனேஜர் பாராட்டியது… சிரிப்பதா என்னவென்றே தெரியவில்லை.

பிசியோ_டாக்டர் | திங்கள், காலை 8.20

சுருக்கமாக ஒன்று. கால் ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப கெண்டைக்கால் தசைதான் பம்பு மாதிரி உதவுகிறது. நடக்கும்போது தசை சுருங்கி விரியும், ரத்தம் ஏறும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் பம்பு வேலை செய்யாது, ரத்தம் கீழேயே தேங்கும், நாளடைவில் ரத்தக்குழாயில் உள்ள வால்வுகள் பழுதாகும். அதுதான் வெரிகோஸ். எனவே நாள் முழுக்க நடக்கும் வேலையைவிட நாள் முழுக்க நிற்கும் வேலை காலுக்குக் கெடுதல். நாள் முழுக்க உட்காருவதும் நல்லதல்ல. மாற்றி மாற்றி இருப்பதுதான் உடம்புக்கு வேண்டும். நெல்லைக்காரி, காலைத் தூக்கி வைத்துப் படுத்தது மிகச் சரி. ஒரு முறை டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள், அலட்சியம் வேண்டாம்.

மாசிவீதி | திங்கள், காலை 11.40

நான் கடைக்காரன். மதுரையில் சிறிய ஜவுளிக்கடை, ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கடையில் ஆறு ஸ்டூல் இருக்கிறது, உட்காரலாம், நான் எதுவும் சொல்வதில்லை. போன வருஷம் ஒரு அம்மா உள்ளே வந்தார். எங்கள் பெண் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வர நாலு செகண்ட் ஆகியிருக்கும். “வியாபாரம் பண்ண இஷ்டமில்ல போல” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். பட்டு எடுக்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள். அன்று எனக்குப் போனது ஒரு பார்ட்டி. இப்போது சொல்லுங்கள், அந்தப் பெண்ணை நிற்க வைத்தது நானா, அந்த அம்மாவா?

நெல்லைக்காரி | திங்கள், மதியம் 12.15

அண்ணாச்சி, திட்ட மாட்டேன். நீங்கள் உட்கார விடுவதே பெரிது. ஆனால் அந்த அம்மா போன பிறகு அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்?

மாசிவீதி | திங்கள், மதியம் 12.31

கத்தினேன். உண்மையைத்தானே கேட்கிறீர்கள், கத்தினேன். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பழைய விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். என் தாத்தா காலத்துக் கடையில் கவுண்டரே கிடையாது. தரையில் மெத்தை, மேலே வெள்ளைத் துணி விரிப்பு, ஓரத்தில் திண்டு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருவார்கள். வாங்குகிறவரும் உட்காருவார், காட்டுகிறவரும் உட்காருவார், தாத்தாவும் கல்லாப்பெட்டி முன்னால் சம்மணம் போட்டிருப்பார். காஞ்சிபுரத்தில் சில பட்டுக்கடைகளில் இப்போதும் அப்படித்தான். அங்கே விற்பவர் உட்கார்ந்திருப்பதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. எங்கள் கடையில் அப்பா கண்ணாடி கவுண்டர் போட்டார், அன்றைக்கு ஊழியர் எழுந்து நின்றதுதான். வாங்குகிறவருக்கு முன்னால் நாற்காலி போட்டோம், விற்பவருக்குப் பின்னால் போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போதுதான் எனக்கே இது படுகிறது.

சட்டப்புள்ளி | திங்கள், மதியம் 1.02

இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்குப் பிடித்த பதிவு இதுதான். ‘கஸ்டமருக்கு மரியாதை’ என்பதை நம் பண்பாடு என்று சொல்லிக்கொள்கிறோம். பண்பாடு மெத்தையில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

மலபார்_எக்ஸ்பிரஸ் | திங்கள், மாலை 4.50

நான் பத்து வருஷமாகக் கோழிக்கோட்டில் இருக்கிறேன். கேரளச் சட்டம் ஏதோ அரசாங்கத்துக்கு மனமிரங்கி வந்தது என்று நினைக்காதீர்கள். இங்கே மிட்டாய்த்தெரு என்று பெரிய கடைவீதி. அந்தக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. நெல்லைக்காரி சொன்ன அதே கதைதான், போக இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் வேலை செய்த விஜி என்பவர் முன்நின்று 2009 வாக்கில் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பு உண்டாக்கினார்கள். கட்சிச் சங்கங்கள் ஆரம்பத்தில் இவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழிப்பறைக்குப் பிறகுதான் உட்காருவது.

2015-ல் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் நூறு நாளுக்கு மேல் போராட்டம் நடத்தினார்கள். அதற்கு மலையாளத்தில் பேர் ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம். உட்கார விடாதவர்களுக்கு எதிராகக் கடை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். 2018-ல் சட்டம் வந்தது. இப்போது இங்கே எல்லாக் கடையிலும் உட்காருகிறார்களா என்றால் இல்லை. ஆனால் உட்கார்ந்தால் ஏன் என்று கேட்க முதலாளி கொஞ்சம் யோசிக்கிறார்.

சிவப்புத்துண்டு | திங்கள், மாலை 6.18

தோழர்களே, அரசியல் வேண்டாம் என்றார் இழை தொடங்கியவர். வேலை நேரம் அரசியல் இல்லையா? 2021-ல் உட்கார நாற்காலி தந்த அதே சட்டமன்றம், 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அங்கே சங்கம் இருந்தது, குரல் எழும்பியது. ஜவுளிக்கடைக்குள் சங்கம் எங்கே இருக்கிறது? கடைச் சட்டத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1947-லிருந்தே இருக்கிறது. நெல்லைக்காரி சொன்ன பன்னிரண்டு மணி நேரத்துக்கு யாரும் சட்டத்தைத் திருத்தவே தேவைப்படவில்லை.

கணக்கன் | திங்கள், மாலை 6.40

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். ஆனால் தோழர், உங்கள் சங்கம் அந்தக் கடை வாசலுக்கு எத்தனை முறை போயிருக்கிறது?

சிவப்புத்துண்டு | திங்கள், மாலை 6.52

போயிருக்கிறோம். துண்டறிக்கை கொடுத்தால் பெண்கள் கையில் வாங்கவே பயப்படுகிறார்கள். தங்குவது கடை ஹாஸ்டலில், சாப்பிடுவது கடைச் சோறு. வேலை போனால் அன்றிரவே படுக்க இடம் கிடையாது. ஆலைத் தொழிலாளி ஸ்டிரைக் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர்கள் எங்கே போவார்கள்? கடைசி ரயிலைப் பிடித்து ஊருக்குத்தான்.

ஓய்வூதியர்58 | திங்கள், இரவு 8.30

அரசு ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன், கடைகளை ஆய்வு செய்யும் வேலை கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நாங்கள் போனால் பார்க்கக்கூடியது இருக்கை இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறது என்றால் எழுதிக்கொள்வோம். நாங்கள் படியேறி வருவது தெரிந்ததும் கீழே இருந்து போன் போய்விடும், மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கடையில் ஸ்டூலில் விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை. “இதில் உட்கார்ந்திருக்கிறாயா அம்மா?” என்று கேட்டேன். “தினமும் சார்” என்றது அந்தப் பெண். பக்கத்தில் சூப்பர்வைசர். நான் என்ன எழுத முடியும்?

கண்காணிப்பு கேமரா எல்லாக் கடையிலும் இருக்கிறது. திருட்டுக்கு வைத்தது, ஆனால் யார் நிற்கிறார் யார் சாய்கிறார் என்று பார்க்கவும் அதுதான். ஒரு வாரப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே உட்காருகிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். இருக்கும் ஆள்பலத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. இது சாக்கு என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கணக்கன் | திங்கள், இரவு 9.25

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரம். ஏழு பேர் இருக்கும் கவுண்டரில் மாற்றி மாற்றி உட்கார்ந்தால் எந்த நேரத்திலும் ஒருவரோ இருவரோதான் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் மழை நாள், மதியம் இரண்டு மணி மாதிரி கூட்டமில்லாத நேரத்தில். கூடுதலாக ஒரு ஆள் கூட வைக்க வேண்டாம். விற்பனையில் ஒரு பைசா குறையாது. அப்படியும் விடவில்லை என்றால் இது செலவுப் பிரச்சினையே கிடையாது. நிற்க வைத்திருப்பதே ஒரு காட்சி, அவ்வளவுதான். மெத்தைக் கதை படித்த பிறகு எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆன்லைன் போட்டி, மால் போட்டி என்று கடைக்காரர்கள் சொல்லும் எந்தக் காரணமும் இதற்குப் பொருந்தவில்லை.

சம்பளம்தான் முதல் என்பதில் மாற்றமில்லை.

மாசிவீதி | திங்கள், இரவு 9.50

இந்த முறை வைத்துக்கொள்ளும் யோசனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஆறு பேர், இருவர் இருவராக. கடைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் நால்வர் நிற்பது படும், எனக்கும் நிம்மதி. நானும் கடைக்காரன் புத்தியைத்தான் காட்டுகிறேன், தெரிகிறது.

ஆடிக்காத்து | செவ்வாய், காலை 6.55

புடவையில் ஃபால்ஸ் வைக்கக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை அதே கடைக்குப் போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் “நீங்களும் உட்காருங்க” என்று சொல்லலாமா? சூப்பர்வைசரிடம் நேராகக் கேட்டுவிடலாமா? நெல்லைக்காரி, நீங்கள் சொல்லுங்கள்.

நெல்லைக்காரி | செவ்வாய், காலை 9.40

அவளிடம் சொல்லாதீர்கள் அக்கா. கஸ்டமர் சொல்லி உட்கார்ந்தாள் என்று நீங்கள் படி இறங்குவதற்குள் அவளுக்குக் கேள்வி வரும். சூப்பர்வைசரிடம் கேட்டாலும் எந்த செக்‌ஷன், எந்தப் பெண் என்றுதான் முதலில் பார்ப்பார். கேட்பதானால் பில் கவுண்டரில், போகிற போக்கில், “உங்க ஸ்டாஃப் எல்லாம் நின்னுக்கிட்டே இருக்காங்களே, சேர் இல்லையா?” என்று பொதுவாகக் கேளுங்கள். கருத்து எழுதும் நோட்டு வைத்திருந்தால் அதில் எழுதுங்கள், அதை முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். எழுத்தில் இருந்தால் கொஞ்சம் பயம்.

அவளுக்காக உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், கீழ்த்தட்டில் இருக்கும் புடவையைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று எடுத்ததும் “வேற கலர்?” என்று கேளுங்கள். அவசரமில்லை, நிதானமாகத் தேடு என்று சொல்லுங்கள்.

ஆடிக்காத்து | செவ்வாய், காலை 9.52

கீழ்த்தட்டில் என்ன இருக்கும்? தெரியாமல் கேட்டு மாட்டிக்கொள்ளக் கூடாதே.

நெல்லைக்காரி | செவ்வாய், காலை 10.03

காட்டன் செக்‌ஷன் என்றால் பெரும்பாலும் சுங்குடி, ஒன்பது கஜம். அம்மாவுக்குத்தானே, சுங்குடி கேளுங்கள். பத்து நிமிடம் நிச்சயம்.